17 வயதில் வயிற்று ஆபரேஷன், இப்போது 25: இறங்கிய எடை திரும்ப ஏறுகிறது, நீங்கள் என்ன செய்தீர்கள்?

குறுக்குத்துறைக்காரி | ஞாயிறு இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுத வருகிறேன். ஊர் திருநெல்வேலி டவுன். 2017-ல் பிளஸ் டூ முடித்த லீவில் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைய வயிற்றை வெட்டிச் சின்னதாக்குவது) நடந்தது, வெளியூர் ஆஸ்பத்திரியில். அப்போது 118 கிலோ, உயரம் 160 செ.மீ. ஒன்றரை வருஷத்தில் 71-க்கு வந்தேன். காலேஜில் பழைய போட்டோவைக் காட்டினால் "இது உன் அக்காவா?" என்று கேட்பார்கள். அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் 73, 75. வேலைக்குப் போன பிறகு 79. போன ஆனித் தேரோட்டத்துக்குக் கட்டலாம் என்று எடுத்துவைத்த சேலைக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டவில்லை. மெஷினில் ஏறிப் பார்த்தால் 84.

சாப்பாடு இப்போதும் கொஞ்சம்தான். மூன்றாவது இட்லி உள்ளே போகாது. ஒரு கரண்டி சோறு, மேலே கொஞ்சம் சொதி, அதோடு நெஞ்சு நிறைந்துவிடும். பிறகு இந்த 13 கிலோ எங்கிருந்து வந்தது? வயிறு திரும்ப விரிந்துவிட்டதா? "காசை ஆத்துல போட்டாச்சு" என்று அம்மா வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது போனால் திட்டுவார்கள் என்று பயம்.

சின்ன வயதில் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். உபதேசம் வேண்டாம், வீட்டிலேயே கிடைக்கிறது.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி | ஞாயிறு இரவு 11.15

எம்மா, தப்பாக நினைக்காதே. 17 வயதில் வயிற்றை வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தினமும் காலை வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், ராத்திரி சோறு கிடையாது. எட்டு கிலோ குறைத்தேன். வாயைக் கட்டி, காலை ஓட்டினால் போதும். அந்தக் காலத்தில் இத்தனை ஆபரேஷன் ஏது?

மேலப்பாளையத்தான் | திங்கள் காலை 6.50

அண்ணாச்சி, எட்டு கிலோவுக்கும் எண்பது கிலோவுக்கும் வழி வேறு. நான் 141-ல் இருந்தபோது பாளை பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கவே மூட்டு விடவில்லை. ராத்திரி மூச்சு அடைத்து எழுந்து உட்காருவேன். வாயைக் கட்டவில்லை என்றா நினைக்கிறீர்கள்? மூன்று தடவை 15 கிலோ குறைத்து மூன்று தடவையும் வட்டியோடு திரும்ப வந்தது.

தங்கச்சி, எனக்கு 2013-ல் 18 வயதில் பைபாஸ், நெஞ்சுக்கு இல்லை, வயிற்றைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன். குறைந்தபட்சம் 83 வரை போனேன். ஆறாவது வருஷம் 104. இப்போது 93, மூன்று வருஷமாக அங்கேயே நிற்கிறது. அதனால் சொல்கிறேன், உன் வயிறு பெரிதாக விரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நானும் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன், ஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) போட்டுப் பார்த்தார்கள், பை அப்படியே சின்னதாகத்தான் இருந்தது.

விஷயம் வேறு. கோழிக்கறி மூன்று துண்டு சாப்பிட்டால் எனக்கு இப்போதும் வயிறு "போதும்" என்று சொல்லும். ஆனால் மிக்சர்? கடையில் உட்கார்ந்தபடி ஒரு கை, இன்னொரு கை என்று 100 கிராம் பொட்டலம் காலியாகும், வயிறு ஒரு வார்த்தை பேசாது. மொறுமொறு என்று இருப்பதெல்லாம் வாயிலேயே மாவாகி, டீயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. ஆபரேஷன் சாப்பாட்டுக்குத்தான் கதவு போடும். நொறுக்குத்தீனி ஜன்னல் வழியாக வந்துவிடும்.

சீனியும் அப்படித்தான். முதல் வருஷம் ஒரு தம்ளர் ரோஸ்மில்க்கை மடமடவென்று குடித்தேன். பத்தே நிமிஷத்தில் நெஞ்சு படபடப்பு, வேர்வை, கட்டிலில் சாய்ந்துவிட்டேன். பைபாஸில் சீனி நேராகக் குடலுக்குப் போவதால் வரும் கோளாறு அது. அந்தப் பயத்தில் இரண்டு வருஷம் இனிப்பைத் தொடவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று கண்டுபிடித்தேன். அங்கேதான் கெட்டேன்.

உணவுக்கணக்கு | திங்கள் மதியம் 1.20

நான் டயட்டீஷியன், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பார்ப்பவள். மேலப்பாளையத்தான் சொன்னது நூற்றுக்கு நூறு. குறுக்குத்துறைக்காரி, ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நாள், வாயில் போவதை எல்லாம் எழுதுங்கள். சாப்பாட்டை மட்டும் இல்லை, டீ, காபி, யாராவது நீட்டிய பிஸ்கட், பொரிக்கும்போது ருசி பார்த்தது, எல்லாம். திருத்தி எழுத வேண்டாம். எழுதுகிறோம் என்பதற்காக அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாகச் சாப்பிடவும் வேண்டாம்.

பெயர்வைக்காதவன் | திங்கள் மாலை 4.05

[மட்டுறுத்துநர்: உடம்பைக் கேலி செய்த பதிவு நீக்கப்பட்டது. இழை தொடரட்டும்.]

சாரல் | திங்கள் இரவு 9.30

தென்காசிப் பக்கம் டாக்டராக இருக்கிறேன். அறுவை சிகிச்சை நிபுணன் இல்லை, பொது மருத்துவம். ஆனால் இந்த விஷயத்தில் நல்ல ஆராய்ச்சி இருப்பதால் நாலு வரி எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டீன்-லாப்ஸ் என்று ஓர் ஆய்வு. 2007 முதல் 2012 வரை பதின்வயதில் ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளைச் சேர்த்து, விடாமல் பின்தொடர்ந்தார்கள். மூன்றாவது வருஷம் சராசரியாக 27 சதவீத எடை குறைந்திருந்தது. பத்து வருஷக் கணக்கு 2024-ல் வெளிவந்தது, 260 பேர். பிஎம்ஐ, அதாவது உயரத்தை வைத்துப் பார்க்கும் எடைக் கணக்கு, ஆரம்பத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 20 சதவீதம் குறைவாக நின்றது. பைபாஸுக்கும் ஸ்லீவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, முதலில் நிறைய இறங்கும், பிறகு கொஞ்சம் ஏறும், ஏறினபின் பெரும்பாலும் அங்கேயே தங்கும். ஏறுவதுதான் வழக்கம்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள் அம்மா. 118-ல் 34 கிலோ எட்டு வருஷம் கழித்தும் திரும்ப வரவில்லை. 29 சதவீதம். அந்தச் சராசரியை விட நீங்கள் மேலே இருக்கிறீர்கள். 71-ஐ வைத்து அளந்தால் தோல்வி, 118-ஐ வைத்து அளந்தால் ஜெயம். இரண்டும் ஒரே உடம்பு.

ஏன் ஏறுகிறது என்றால், ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். முதல் வருஷம் பசி மறந்துபோவதற்கு அது ஒரு காரணம். பிறகு உடம்பு பழையபடி பசியைக் கூட்டப் பார்க்கும், செலவைச் சுருக்கும். எடை குறைந்து 84-க்கு வந்தவர் செலவழிக்கும் கலோரி, எப்போதுமே 84-ல் இருப்பவரைவிடக் குறைவாக இருக்கலாம். இதற்கு உங்களை யாரும் திட்ட முடியாது. திட்டினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஆனால் ஆறு வருஷம் போகாதது தப்புதான், எடைக்காக இல்லை, ரத்தத்துக்காக. பெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, இதெல்லாம் எப்போது பார்த்தீர்கள்? மாதவிடாய் வரும் வயதில் இரும்புச்சத்து குறைய வாய்ப்பு அதிகம். அதே ஆய்வில் ஐந்தாவது வருஷம் கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகளுக்கு இரும்புச் சேமிப்பு குறைவாக இருந்தது. களைப்பாக இருப்பவர் நடக்க மாட்டார், டீயும் பிஸ்கட்டும்தான் கேட்கும்.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி | திங்கள் இரவு 10.10

டாக்டர் ஐயா சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. 29 சதவீதக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. எம்மா, நான் முதலில் எழுதியதை வாசித்து வருத்தப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

அம்பை அம்மா | செவ்வாய் காலை 11.00

நடுவில் நுழைகிறேன். என் மகனுக்கு 16 வயது, 132 கிலோ, போன வருஷம் சர்க்கரை வந்துவிட்டது. இரண்டு மாத்திரை போட்டும் அடங்கவில்லை. ஆபரேஷன் பற்றிப் பேசினார்கள். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. திரும்ப ஏறும் என்றால் எதற்குப் பிள்ளை வயிற்றைக் கிழிக்க வேண்டும்? இன்னொன்று, எங்கள் இன்சூரன்ஸில் கேட்டேன், 18 ஆகவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சாரல் | செவ்வாய் இரவு 9.15

இன்சூரன்ஸ் விஷயம் அப்படித்தான். ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி வழக்கமான பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்குப் பணம் தர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிஎம்ஐ 40, அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே கடுமையான நோய் இருக்க வேண்டும். கையிலிருந்து போடுகிறோம் என்றால் வேறு பேச்சு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சின்ன வயதில் வரும் டைப் 2 சர்க்கரை பெரியவர்களுக்கு வருவதைவிட முரட்டுத்தனமானது. சீக்கிரமே சிறுநீரகம், கண் என்று இறங்கும். எடையைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆபரேஷன் ஆகி ஐந்தாவது வருஷம் பதின்வயதினரில் 86 சதவீதம் பேருக்குச் சர்க்கரை விலகி இருந்தது, பெரியவர்களில் 53. பத்தாவது வருஷம் பிள்ளைகளில் 55 சதவீதம். சிலருக்குத் திரும்ப வந்தது என்பது உண்மை. ஆனால் 16-லிருந்து 26 வரை சர்க்கரை இல்லாமல் வாழ்ந்த காலம் வீணாகப் போகவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பிள்ளைகளில் மறு ஆபரேஷன் பெரியவர்களைவிட அதிகம். ஸ்லீவ் செய்தவர்களில் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு நிறைய. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. உங்கள் பையன் தினமும் மாத்திரை போடுவானா, நீங்கள் போட வைக்கிறீர்களா என்று பாருங்கள். ஹாஸ்டலுக்குப் போனதும் விட்டுவிடும் பிள்ளை என்றால் ஆறு மாதம் தள்ளிப்போட்டு அந்தப் பழக்கத்தை முதலில் உண்டாக்குங்கள். அவன் வாயிலிருந்து "எனக்கு வேண்டும்" என்று வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மேலப்பாளையத்தான் | செவ்வாய் இரவு 10.40

அந்த ஹாஸ்டல் விஷயம் என் கதை. காலேஜில் முதல் வருஷத்தோடு மாத்திரை போச்சு. இரண்டு வருஷம் கழித்து உள்ளங்கால் எரிச்சல், விரல் மரத்துப்போனது. பி12 தரைமட்டம். ஊசி போட்டுத்தான் தேறினேன். அம்பை அக்கா, தம்பியிடம் இதைக் காட்டுங்கள்.

குறுக்குத்துறைக்காரி | வியாழன் இரவு 9.50

உணவுக்கணக்கு அக்கா, எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஒரு நாளை மட்டும் போடுகிறேன்.

6.30 காபி, சீனி இரண்டு ஸ்பூன். 8.15 ஒன்றரை இட்லி, தேங்காய்ச் சட்னி. 11 ஆபீஸ் டீ, மாரி பிஸ்கட் இரண்டு. 1.15 தயிர்சாதம் சின்ன டப்பா, பாதியில் மூடிவிட்டேன், கூட மோர்மிளகாய். 3.30 டீ, பக்கத்து சீட் அக்கா தந்த முறுக்கு ஒன்றரை. 6.45 ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அல்வா 50 கிராம், வாழையிலைத் துண்டில் வாங்கித் தின்றது. 8.30 ஒரு தோசை, மிளகாய்ப்பொடி. 10-க்கு மேல் போன் பார்த்தபடி சம்படத்திலிருந்து மிக்சர், எவ்வளவு என்று தெரியவில்லை, கை உள்ளே போய்ப் போய் வந்தது.

உணவுக்கணக்கு | வெள்ளி காலை 7.30

வெட்கம் வேண்டாம், இவ்வளவு நேர்மையாக எழுதுகிறவர் கம்மி. உங்கள் வயிறு விரியவில்லை என்று இந்தப் பட்டியலே சொல்கிறது. தயிர்சாதத்தைப் பாதியில் மூடி வைத்தீர்கள் பாருங்கள், அது வேலை செய்யும் வயிறு.

இதில் புரதம் எங்கே? கணக்குப் போட்டால் 25 கிராம் வந்தாலே பெரிது. உங்களுக்குத் தேவை ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம். இட்லியில் இரண்டு கிராம்தான் இருக்கிறது. அல்வாவைப் பாருங்கள். சம்பா கோதுமைப் பால், சீனி, நெய். பல்லுக்கும் வேலையில்லை, வயிற்றுக்கும் வேலையில்லை. நம்மூர் அல்வா உங்கள் ஸ்லீவுக்கே அல்வா கொடுத்துவிட்டுப் போகிறது!

உங்கள் வீடு சைவம் போலிருக்கிறது, அதனால் முட்டை, சாளை மீன் எல்லாம் சொல்லவில்லை. உளுந்தம்பருப்புச் சோறு செய்வீர்கள்தானே? அம்மாவிடம் சொல்லி அரிசியைக் குறைத்துத் தோலுளுந்தைக் கூட்டச் சொல்லுங்கள், எள்ளுத் துவையலோடு. சொதியில் தேங்காய்ப்பால் நிறைய, பருப்பு கொஞ்சம். அதையும் மாற்றுங்கள், பாசிப்பருப்பு கெட்டியாக, பால் கொஞ்சமாக. காணத் (கொள்ளு) துவையல், சிறுபயறு சுண்டல், துணியில் கட்டி நீர் வடித்த தயிர், பனீர், சோயா உருண்டை. தட்டில் இவைதான் முதல். அது முடிந்து இடம் இருந்தால் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், முன்னேயும் பின்னேயும் அரை மணி இடைவெளி. இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள். கால்சியத்தோடும் சேர்க்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

அல்வாவை அடியோடு விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், நெல்லையில் இருந்துகொண்டு அது நடக்காது. பஸ்ஸுக்கு நிற்கும்போது, தனியாக, பசியோடு வாங்காதீர்கள். அந்த மணிக்குப் பையில் வறுத்த கடலை இருக்கட்டும்.

மேலப்பாளையத்தான் | வெள்ளி மதியம் 2.45

நோன்பு மாதத்தில் நான் செய்வதும் இதுதான். நோன்பு திறந்ததும் கஞ்சியை முழுக் கிண்ணம் குடித்தால் வயிறு அதோடு மூடிவிடும், கறிக்கு இடமில்லை, ராத்திரி பசித்து சமோசா. இப்போது ஒரு பேரீச்சம்பழம், இரண்டு வாய் தண்ணீர், அப்புறம் முட்டை அல்லது கறி, கடைசியில் கஞ்சி. முதல் வருஷம் டாக்டர் நோன்பே வேண்டாம் என்றார், அதையும் கேட்டுக்கொண்டேன்.

குறுக்குத்துறைக்காரி | வெள்ளி இரவு 10.20

இன்னொரு விஷயம், இதற்குத்தான் உண்மையில் தூக்கம் போகிறது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். ஆபரேஷன் நடந்ததை அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறாள் அம்மா. வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புதான், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறாள். நானும் 71-ஐத் தொட்டபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி | வெள்ளி இரவு 10.55

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது தாயி. நம்ம ஊரில் ஒரு வீட்டுக்குச் சொன்னால் ஒன்பது தெருவுக்குப் போகும். ஆனால் கல்யாணம் ஆனபின் தெரிந்தால் அதைவிட மோசம். பையனிடம் மட்டும் நீயே நேரில் சொல்லு, பெரியவர்கள் நடுவில் வேண்டாம். அதைக் கேட்டு எழுந்து போகிறவன் போகட்டும்.

மேலப்பாளையத்தான் | சனி காலை 7.10

நான் நிக்காவுக்கு முன்னாலேயே சொன்னேன். தினமும் நாலு மாத்திரையை யாருக்குத் தெரியாமல் போடுவது? விருந்தில் பாதி இலையோடு எழுந்தால் மாமியார் வீட்டில் "பிள்ளைக்கு நம்ம சமையல் பிடிக்கலை" என்று ஆகும். 71-க்காகக் காத்திருக்காதே தங்கச்சி, அது வராமலும் போகலாம்.

சாரல் | சனி மதியம் 3.00

மருத்துவக் காரணமும் இருக்கிறது. ஆபரேஷன் ஆகி முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்பார்கள், அதை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே இரும்பு, பி12, போலிக் அமிலம் சரியாக வேண்டும். கர்ப்பத்தில் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லும் சர்க்கரைப் பரிசோதனை இப்படிப்பட்டவர்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வேறு முறையில் பார்க்க வேண்டும். பிரசவம் பார்ப்பவருக்குத் தெரியாமல் இதெல்லாம் எப்படி நடக்கும்?

எடை குறைக்கும் ஊசி பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஆபரேஷனுக்குப் பின் ஏறிய எடைக்கும் டாக்டர்கள் இவற்றைத் தருகிறார்கள், பலன் உண்டு. ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும், எடையும் திரும்பும். ரத்தம் பார்க்காமல், புரதம் சரி செய்யாமல் இதில் இறங்கினால் சதையும் சேர்ந்து கரையும். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

குறுக்குத்துறைக்காரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.30

போனேன். பழைய ஆஸ்பத்திரிக்கு இல்லை, இங்கேயே ஒரு டாக்டரிடம். யாரும் திட்டவில்லை. பெரிட்டின் வெறும் 8, பி12-வும் டி-யும் குறைவு. ஸ்கோப்பியில் ஸ்லீவ் நன்றாகவே இருக்கிறதாம். இரும்பு டிரிப்பில் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை, எட்டு வருஷத்தில் எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது.

எடை 82.8. மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அம்மாவே இழுத்து வைத்தாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஏற வேண்டும் என்று ஒரு நிபந்தனையோடு. மிக்சர் சம்படத்தில் இப்போது வறுத்த கடலை. முதல் நாள் ராத்திரி பழக்கத்தில் கையை விட்டேன், இரண்டாவது பிடியிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆச்சிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "பிள்ளை கோழி மாதிரி பயறு பொறுக்குது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.

வரன் வீட்டுக்காரர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள். சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

உணவுக்கணக்கு அக்கா, எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும் என்று டாக்டர் சொன்னார், ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது.

உணவுக்கணக்கு | ஞாயிறு இரவு 8.00

ஜிம் எதற்கு? இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் கைக்கு ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, மூன்று சுற்று. உங்கள் ஆச்சி குறுக்குத்துறை ஆற்றிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தவளாக இருப்பாள், அவளிடம் கேளுங்கள்.

குறுக்குத்துறைக்காரி | ஞாயிறு இரவு 8.25

கேட்டேன். இரண்டு குடமாம், ஒன்று தலையில். அண்ணாச்சி, வ.உ.சி. மைதானத்தில் காலை எத்தனை மணிக்கு நடப்பீர்கள்? அந்த நேரத்தில் பொம்பளைகள் இருப்பார்களா?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி | ஞாயிறு இரவு 8.40

ஐந்தரைக்கு வந்துவிடுவோம் தாயி, வீட்டுக்காரியும் கூட வருவாள், அவள் கூட்டமே பத்து பேர். முடித்துவிட்டு வெளியே டீக்கடையில் நிற்போம். உனக்குச் சீனி இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.